ஊசி இல்லாமல் தடுப்பு மருந்து: பெங்களூரில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், எஜிபுரா பக்கங்களில் தடுப்பூசி நாளன்று தமிழ்க் குடும்பங்கள் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த குழந்தை என்றால் இதைப் படித்து முடிவெடுக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஊசி இல்லாத தடுப்பு மருந்து" என்று எதைச் சொல்கிறார்கள்?

நான்கு வெவ்வேறு சங்கதிகள் இந்த ஒரே பெயரில் உலவுகின்றன. வாயில் விடும் சொட்டு மருந்து. மூக்கில் விடுவது அல்லது தெளிப்பது. ஸ்பிரிங் விசையால் மருந்தைத் தோல் வழியே பீய்ச்சும் கருவி. தோலில் ஒட்டும் நுண்முள் பட்டை. முதலாவது நாற்பது வருடமாக வீட்டுக்கு வீடு தெரிந்தது. இரண்டாவது சில நாடுகளில் ஃப்ளூவுக்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. நம் அரசு அட்டவணையில் இல்லை. மூன்றாவது சில தனியார் ஆஸ்பத்திரிகளில் வந்திருக்கிறது. நான்காவது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

இவை போதாதென்று, தனியார் கிளினிக்குகளில் "பெயின்லெஸ்" என்று ஒன்று சொல்வார்கள். அதில் ஊசி உண்டு. அதற்குத் தனியாகக் கீழே வருவோம்.

நம்ம அரசு கிளினிக்கில் இப்போது எதெல்லாம் ஊசி இல்லாமல் கிடைக்கும்?

இரண்டு: போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு. போலியோ சொட்டு பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரத்தில், கடைசியாக 16 முதல் 24 மாதத்துக்குள். ஒவ்வொரு முறையும் 2 சொட்டு. ரோட்டா 6, 10, 14 வாரத்தில். 9 மாதத்தில் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவமும் வாய்வழிதான், ஆனால் அது தடுப்பு மருந்து இல்லை.

மற்ற எல்லாம் ஊசி. பிறந்தவுடன் இரண்டு குத்து: இடது மேற்கையில் காசநோய்க்கான பி.சி.ஜி., தொடையில் ஹெபடைடிஸ் பி. ஆறாவது வாரத்தில் மூன்று: இடது தொடையில் கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் (பென்டா), வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி., வலது மேற்கையில் போலியோ ஊசி. பத்தாவது வாரத்தில் பென்டா மட்டும். பதினான்காவது வாரத்தில் மறுபடி மூன்று. ஒன்பது மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.வி., போலியோ ஊசி என்று இன்னும் மூன்று. ஒன்றரை வயதுவாக்கில் இரண்டு, ஐந்து வயதில் ஒன்று. ஆக மொத்தம் 15 குத்து. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடும் மாவட்டங்களில் இன்னும் கூடும்.

ஆறாவது வாரம்தான் பெற்றோருக்கு அதிர்ச்சி. ஒரே உட்காரலில் மூன்று குத்து, இரவு காய்ச்சல், மறுநாள் வேலைக்குப் போக முடியாத நிலை. தேதி தள்ளிப்போவதும் "ஊசி இல்லாமல் ஏதாவது உண்டா" என்ற கேள்வி வருவதும் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான்.

போலியோ சொட்டு கொடுத்தாச்சே, அதே போலியோவுக்கு எதற்கு ஊசி?

நியாயமான கேள்வி. போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. 2016 ஏப்ரல் வரை சொட்டு மருந்தில் மூன்றும் இருந்தன. அதன் பிறகு இரண்டாம் வகையை எடுத்துவிட்டார்கள். சொட்டில் உள்ள உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ் மிக அரிதாக மாற்றமடைந்து நோயை உண்டாக்கக்கூடும். இரண்டாம் வகையில் அந்த ஆபத்து கூடுதல். இப்போது சொட்டு 1, 3 ஆகிய வகைகளைத்தான் தடுக்கும். ஊசியில் இருப்பது செத்த வைரஸ். அது மூன்றையும் தடுக்கும்.

அதற்காகச் சொட்டை விட்டுவிடலாமா என்றால், கூடாது. சொட்டு குடலில் எதிர்ப்பை வளர்த்து வைரஸ் பரவாமல் பார்க்கும். ஊசி, உடம்புக்குள் நுழைந்த வைரஸ் நரம்பைத் தாக்காமல் பார்க்கும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

இந்தப் போலியோ ஊசி தோலுக்குள் போடுவது, 0.1 மி.லி., அதாவது முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. சரியாகப் போட்டால் சின்னக் கொப்புளம் எழும். கை உதறும் குழந்தைக்குத் தோலின் மேலடுக்குக்குள் ஊசியைச் சாய்த்து நுழைப்பது அனுபவசாலிக்கே சிரமம்; கொஞ்சம் ஆழமாகப் போனால் மருந்து தோலுக்கடியில் இறங்கிவிடும். ஸ்பிரிங் கருவிக்கு உலக அளவில் முதலில் வேலை கிடைத்த இடங்களில் இது ஒன்று. கராச்சியில் போலியோ முகாம்களிலேயே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்பிரிங் கருவி எப்படி வேலை செய்கிறது? வலிக்காதா?

கைப்பிடி போன்ற கருவியில் ஸ்பிரிங் இருக்கும். அதை இறுக்கி வைத்து, ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிப் பொருத்துவார்கள். சிரிஞ்சின் நுனித் துளை தலைமுடி அளவுக்கு மெல்லியது. தோலில் செங்குத்தாக அழுத்தி வைத்து விடுவித்தால், மருந்து சுமார் பத்தில் ஒரு விநாடியில் தாரையாகப் பாய்ந்து உள்ளே போகும். பேட்டரி, கரண்ட் எதுவும் தேவையில்லை. பார்மாஜெட் என்ற அமெரிக்க நிறுவனம் இரண்டு விதமாகச் செய்கிறது: தோலுக்குள் 0.1 மி.லி. போட ட்ரோபிஸ், தசையிலோ தோலுக்கடியிலோ 0.5 மி.லி. போட ஸ்ட்ராடிஸ். இந்தியாவில் இன்டெக்ரிமெடிக்கல் என்ற நிறுவனமும் இப்படிப்பட்ட கருவியை விற்கிறது. 2024இல் சீரம் இன்ஸ்டிட்யூட் அதில் 20% பங்கு வாங்கியது.

வலி விஷயத்தில் விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். குத்தும் ஊசியைக் குழந்தை பார்க்காது என்பது உண்மை. மூன்று, நான்கு வயதில் ஊசியைக் கண்டாலே அலறுகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஆனால் தாரை தோலைத் துளைக்கும்போது சுண்டிவிட்டது போல உறைக்கும். ஸ்பிரிங் விடும் "டக்" சத்தத்துக்கே சில கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழும். போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், சின்ன ரத்தக்கட்டு ஊசியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரலாம். "வலியே இருக்காது" என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை அடுத்த முறை கருவியையும் நம்பாது, உங்களையும் நம்பாது. "டக்னு சத்தம் வரும், கொஞ்சம் சுருக்குனு இருக்கும், உடனே முடிஞ்சிடும்" என்று சொல்லுங்கள்.

காய்ச்சலும் இதனால் குறையாது. பென்டா போட்ட இரவு காய்ச்சல் வருவதற்குக் காரணம் மருந்து. எந்த வழியில் உள்ளே போனாலும் வரும். ஊசியை வேண்டாம் என்கிற குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசினால் பாதிப் பேரின் பயம் இந்தக் காய்ச்சலைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவர்களுக்குக் கருவியைக் காட்டுவதில் பயனில்லை. காய்ச்சலை எப்படிச் சமாளிப்பது என்பதைச் சொல்லித் தர வேண்டும்.

போட்ட பிறகு தோல் ஈரமாக இருந்தது. மருந்து வெளியே போய்விட்டதா?

ஒரு சொட்டுக்கும் குறைவான ஈரம் சகஜம். தோலில் வழிந்து ஓடினால் அளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். பொதுவாக மூன்று காரணங்கள்: கருவி சாய்ந்திருந்தது, அழுத்தம் போதவில்லை, விடும் கணத்தில் குழந்தை உதறியது. உதறினால் தோலில் கீறலும் விழலாம். அதனால் ஊசிக்குப் பிடிப்பதைவிட இன்னும் உறுதியாகக் கையையோ காலையோ பிடிக்க வேண்டும். "ஊசி இல்லையே" என்று அம்மாவும் சரி, புதிதாகப் பழகும் நர்ஸும் சரி, பிடியைத் தளர்த்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வழிந்தால் அங்கேயே சொல்லுங்கள். மறுபடி போடுவதா என்று அவர்கள் முடிவு செய்து கார்டில் எழுத வேண்டும்.

ஒரே கருவியை எல்லாக் குழந்தைக்கும் வைக்கிறார்களே, தொற்று வராதா?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பெரியம்மை ஒழிப்புக் காலத்திலும் அமெரிக்க ராணுவத்திலும் பயன்பட்ட பழைய ஜெட் கருவிகளில் ஒரே முனை அத்தனை பேரின் தோலையும் தொட்டது. 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஓர் எடைக்குறைப்பு கிளினிக்கில் அப்படிப்பட்ட கருவி வழியாக ஹெபடைடிஸ் பி பரவியது. 1997இல் அமெரிக்க ராணுவம் அந்த வகையை நிறுத்தியது.

இப்போதைய கருவிகளில் தோலைத் தொடுவதும் மருந்து இருப்பதும் ஒருமுறை மட்டும் பயன்படும் சிரிஞ்சு. கைப்பிடி மட்டுமே எல்லோருக்கும் பொது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கண் முன்னால் புதுப் பாக்கெட் பிரிக்கப்படுகிறதா, போட்டு முடித்ததும் அந்தச் சிரிஞ்சு குப்பைக்குப் போகிறதா. கேட்கத் தயங்க வேண்டாம்.

இந்தியாவில் குழந்தைகளுக்கு இப்படி ஏதாவது வந்ததுண்டா?

வந்தது. சைடஸ் நிறுவனத்தின் சைகோவ்-டி என்ற கோவிட் தடுப்பு மருந்துக்கு 2021 ஆகஸ்ட் 20 அன்று 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அவசர அனுமதி கிடைத்தது. ட்ரோபிஸ் கருவியால் தோலுக்குள் போட வேண்டும். 28 நாள் இடைவெளியில் மூன்று டோஸ். அரசு வாங்கிய விலை, வரி நீங்கலாக டோஸுக்கு 265 ரூபாய், கருவிச் செலவு 93 ரூபாய். ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் போட்டது இது இல்லை. 15 வயதுக்கு மேல் கோவாக்சின், 12 முதல் 14 வரை கோர்பிவாக்ஸ், இரண்டும் ஊசி. மூன்று முறை வர வேண்டும், தனிக் கருவி வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும். "ஊசி இல்லை" என்ற ஒரு கவர்ச்சியை வைத்து இத்தனையையும் ஈடுகட்ட முடியவில்லை என்பது எங்கள் கணிப்பு.

மூக்கில் விடும் கோவிட் மருந்து வந்ததே, அதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

இல்லை. பாரத் பயோடெக்கின் இன்கோவாக், 2023 ஜனவரி 26 அன்று வெளியிடப்பட்டது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

ஃப்ளூவுக்கான மூக்குத் தெளிப்பு வேறு. ஃப்ளூமிஸ்ட் 2003 முதல் அமெரிக்காவில் உண்டு. 2 முதல் 49 வயது வரை, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் 0.1 மி.லி. பிரிட்டனில் பள்ளிகளிலேயே தெளிக்கிறார்கள். இது உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கும், வீசிங் வரும் சின்னப் பிள்ளைக்கும், ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கும் ஆகாது. அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்வதால் பிரிட்டனில் முஸ்லிம் பெற்றோர் பலர் தயங்கினார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே ஊசி வழி ஃப்ளூ மருந்து தருகிறார்கள். மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. மழுப்பலாகப் பதில் சொன்னால் நம்பிக்கை போய்விடும்.

"பெயின்லெஸ்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, அது இதுதானா?

இல்லை. அதுவும் அதே சிரிஞ்சு, அதே குத்துதான். கக்குவான் இருமலுக்கான பகுதியில்தான் வித்தியாசம். அரசு பென்டாவில் முழுக் கிருமி, கொல்லப்பட்டது. "பெயின்லெஸ்" ஆறு-நோய் ஊசியில் அந்தக் கிருமியின் சில புரதங்கள் மட்டும். அதனால் காய்ச்சலும் தொடை வீக்கமும் குறைவு. மறுபக்கம், கக்குவானுக்கான பாதுகாப்பு அதில் சீக்கிரம் தேய்கிறது. பூஸ்டரைத் தவறவிட்டால் இடைவெளி விழும். காசு இருந்து போடுபவர்கள் போடலாம். ஆனால் பென்டா மட்டம் என்று நினைத்துக் கடன் வாங்கிப் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தனியாரில் பணம் கட்டும் முன் கேளுங்கள்: இது ஊசியா, கருவியா? இந்த மருந்தை இந்தக் கருவியில் போட அனுமதி உண்டா? மருந்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாகக் காட்டுவீர்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். அலுமினியம் சேர்ந்த, தசையில் போட வேண்டிய மருந்துகள் தோலின் மேலடுக்கிலேயே தங்கினால் கட்டியும் புண்ணும் வரலாம், ஆகவே எந்தக் கருவியிலும் எந்த மருந்தையும் ஏற்றிவிட முடியாது.

ஒட்டும் பட்டை எப்போது வரும்?

தேதி சொல்லும் நிலையில் யாரும் இல்லை. நிலவரம் இது: காம்பியாவில் தட்டம்மை-ரூபெல்லா மருந்தை நுண்முள் பட்டையில் வைத்து 45 பெரியவர்கள், 15 முதல் 18 மாதமான 120 குழந்தைகள், 9 முதல் 10 மாதமான 120 குழந்தைகள் இடையே சோதித்தார்கள், முடிவு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மணிக்கட்டில் ஐந்து நிமிடம் ஒட்டி எடுப்பது. நுண்முள்கள் கரைந்து மருந்து தோலுக்குள் போகிறது. ஊசி போட்டவர்களுக்கு இணையான எதிர்ப்பு வந்தது. பெற்றோரில் 90 சதவீதத்துக்கு மேல் ஊசியைவிட இதுவே மேல் என்றார்கள். இன்னும் பெரிய ஆய்வுகள், பெரும் அளவில் தயாரிப்பு, விலை எல்லாம் தாண்ட வேண்டும்.

இது வந்தால் மிச்சமாவது வலி மட்டும் இல்லை. இப்போதைய தட்டம்மை மருந்து பொடியாக வரும். கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு குழந்தைக்காகப் பல டோஸ் உள்ள குப்பியை உடைக்க நர்ஸ் தயங்கி "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும் தலைவலி பட்டையில் இல்லை.

எங்கள் அத்தை "சொட்டெல்லாம் வேண்டாம், ஊசி போட்டால்தான் பிடிக்கும்" என்கிறார். என்ன சொல்வது?

இந்த எண்ணம் பரவலானது. காய்ச்சலுக்குக்கூட மாத்திரை கொடுத்தால் திருப்தி இல்லாமல் "ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்பவர்கள் நிறையப் பேர். அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ரோட்டா வயிற்றுப்போக்குக் கிருமி வாய் வழியாகத்தான் வருகிறது, குடலில்தான் உட்காருகிறது, அதனால் காவலையும் குடலிலேயே வைக்கிறோம். பெரும்பாலான பெரியவர்கள் இதை ஏற்கிறார்கள். சொட்டு கொடுத்த கையோடு தாய்ப்பால் தரலாம். போலியோ சொட்டை உடனே துப்பிவிட்டால் மறுபடி விடுவார்கள், ஒன்றும் ஆகாது.

ஊசியே இல்லாத முறை வந்துவிட்டால் எல்லோரும் மறுப்பில்லாமல் போட்டுக்கொள்வார்களா?

அப்படி எதிர்பார்க்க முடியாது. போலியோ சொட்டில் ஊசி ஏது? ஆனாலும் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் "பிள்ளை பிறக்காமல் போய்விடும்" என்ற வதந்தியால் வருடக்கணக்கில் கதவு சாத்தினார்கள். மௌலவிகளும் உள்ளூர்ப் பெண்களும் வீடு வீடாகப் பேசிய பிறகுதான் மாறியது. கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். 2017 பிப்ரவரியில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள்தான் பள்ளிக்கூடங்களைக் கலக்கின. யாரும் ஊசி வலிக்கும் என்று ஃபார்வர்ட் செய்யவில்லை. "இது எதற்கு, ஏன் திடீரென்று, ஏன் இலவசம்" என்பதுதான் கேள்வி. கருவி புதிதாக இருந்தால் இந்தக் கேள்விகள் கூடும். அதிலும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் கன்னட நோட்டீஸ் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் கட்டாயம் கூடும்.

அதுவரை காத்திருக்கலாமா?

கூடாது. ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் பிறந்த 24 மணி நேரத்துக்குள். அரசு அட்டவணையில் ரோட்டா முதல் டோஸும் பி.சி.ஜி.யும் ஒரு வயதைத் தாண்டினால் போடமாட்டார்கள். கக்குவான் இருமல் உயிரை எடுப்பது முதல் சில மாதங்களில்தான்.

சரி, ஊசிதான் என்றால் வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?

இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் இல்லை.

ரோட்டா சொட்டை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்; அதில் உள்ள இனிப்பே வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும். பிறகு தாய்ப்பால். குத்துவதற்குச் சில நிமிடம் முன்பே தொடங்கி, போடும்போதும் முடிந்த பிறகும் விடாமல் கொடுங்கள். கூட்டத்தில் கூச்சமாக இருந்தால் ஒரு துப்பட்டாவும் சுவரோர நாற்காலியும் கேளுங்கள். பால் கொடுக்க முடியாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர்: காய்ச்சி ஆறிய தண்ணீர் 2 டீஸ்பூனில் வெள்ளைச் சர்க்கரை 1 டீஸ்பூன், அதில் 1 முதல் 2 மி.லி., குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன். தேன் தொட்டு வைக்காதீர்கள், ஒரு வயது வரை தேன் ஆபத்து.

குழந்தையை மேசையில் படுக்க வைக்க வேண்டாம். மடியில் நிமிர்த்தி, நெஞ்சோடு சேர்த்து, போடும் காலை மட்டும் வெளியே விடுங்கள். பல ஊசி இருந்தால் பி.சி.வி.யைக் கடைசியாகப் போடச் சொல்லலாம். எரிச்சல் அதில் கூடுதல். குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய், மஞ்சள், ஐஸ் ஒத்தடம் எதுவும் வேண்டாம். மரத்துப்போகும் கிரீம் தனியாரில் கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கு அளவு மீறினால் ஆபத்து, டாக்டர் சொல்லாமல் தடவாதீர்கள்.

பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் மட்டும். அளவு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி.; நாலரைக் கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 50 மி.கி. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சொட்டு பாட்டிலில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், ஆகவே அரை மி.லி. போதும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதில் 2 மி.லி. வேண்டும். சிரப்பின் அளவைச் சொட்டு பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நான்கு மடங்கு ஆகிவிடும். பாட்டில் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல், மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, வலிப்பு, பால் குடிக்க மறுப்பது: உடனே ஆஸ்பத்திரி.

பிரசவம் வேலூரில் அம்மா வீட்டில். முதல் ஊசிகள் அங்கே போட்டாச்சு. இங்கே தொடரலாமா?

தொடரலாம், அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் புதன்கிழமை, இங்கே பெரும்பாலும் வியாழக்கிழமை. உங்கள் வார்டு ஆஷா அக்காவிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே தந்த அட்டையையும், யூ-வின்னில் (தடுப்பூசிப் பதிவுக்கான அரசு இணையதளம்) பதிந்த மொபைல் நம்பரையும் எடுத்து வாருங்கள். பெரும்பாலும் தாத்தாவின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், ஓ.டி.பி. அவருக்குப் போகும்; கிளம்பும் முன் அவரைப் போனைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இங்கே தாயி கார்டு (கர்நாடகத்தின் தாய்-சேய் அட்டை) இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், தமிழ்நாட்டு அட்டையைக் காட்டி அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாரில் கருவி வழியாக ஏதாவது போட்டிருந்தால் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், தேதி, போட்ட இடம் நான்கும் அதே அட்டையில் ஏற வேண்டும். பில்லை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த டோஸ் எது என்று நர்ஸால் சொல்ல முடியாது.